துப்பு

ஐம்பதாம் தெரு திரும்புகிற இடத்தில் என் கடை.
குடை ஒன்று, முக்காலி ஒன்று,
ஈரச்சாக்கு போர்த்திய வெற்றிலைக் கட்டு.
இலைக்கு இரண்டு இழுப்புச் சுண்ணாம்பு.
என்ன தொழில் என்று கேட்பவரிடம்
ரங்கூனைத் துப்ப வைக்கிறேன் என்பேன்.
விளக்குக் கம்பத்தின் அடியில்,
பஸ் நிற்கும் ஓரத்தில்,
துப்பாதே என்று எழுதிய சுவரில்
அந்த எழுத்தின் மேலேயே
என் கையெழுத்து சிவப்பாய்.

மகள் வீட்டில் பூங்காவனம்,
பள்ளிப் பதிவில் மா தண்டா.
இரண்டு பேருக்கும் ஒரே கடைவாய்ப்பல்.
புதன்கிழமை ராத்திரி
இரண்டு பேரும் அழுதார்கள்.

மூன்று மாடி ஏறினோம்.
பல் டாக்டர் என் உதட்டைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை. அது சொன்னதைவிடச் சுட்டது.
ஏழு வயசுப் பல்தானே, விழுந்து முளைக்காதா என்றேன்.
"இது விழுகிற பல் இல்லை.
போன வருஷம் வந்தது.
அறுபதிலும் இருக்க வேண்டியது."
பிறகு அடைக்கிற வேலை. பிறகு கேள்வி:
பள்ளி விட்டு வந்து பிள்ளை என்ன குடிக்கும்?

டீ. பக்கத்துக் கடையில்
கெட்டிப்பால் ஊற்றிய டீ, பையில் கட்டி, உறிஞ்சுகுழல் போட்டு.
நான் பொட்டலம் மடிக்கிற வரை
முக்காலியில் உட்கார்ந்து
கொஞ்சம் கொஞ்சமாய், நாலு மணியிலிருந்து ஏழு வரை.
"மூணு மணி நேரம் அவள் உறிஞ்சினால்
மூணு மணி நேரம் அது பல்லை உறிஞ்சும்."

பில்லின் பின்னால் ஒரு எண் எழுதித் தந்தார்:
ஆயிரத்து நானூற்றைம்பது.
பேஸ்ட் பெட்டியில் இதைத் தேடு, மற்றதைப் படிக்காதே.
மெத்துப் பிரஷ். பட்டாணி அளவு.
படுக்கும் முன் தேய்த்தபின் தண்ணீர் தவிர எதுவும் கூடாது.
அப்புறம்,
"துப்பச் சொல். கொப்பளிக்கச் சொல்லாதே.
நுரை போகட்டும், மருந்து தங்கட்டும்."
துப்புவதில் கூட
எனக்குத் தெரியாதது இருந்தது.

சந்தைக்கடை அலமாரியில்
தாய்லாந்து எழுத்து, சீன எழுத்து,
சிரிக்கிற பல் வரிசைகள்.
கரி போட்டது எடுங்க, கடைக்காரர் சொன்னார்,
கிராம்பு போட்டது, முத்துப்பொடி போட்டது,
ஒரே வாரத்தில் வெண்ணிலாதான்.
இந்தப் பாக்கு வயிற்றுப் பூச்சியை அறுக்கும் என்று
நேற்றுத்தான் ஒரு மீன்காரரிடம் நான் சொல்லியிருந்தேன்,
இதே குரலில், இதே தலையாட்டலில்.
பாம்பின் கால் பாம்பறியும்.

பெட்டி பெட்டியாய்த் திருப்பினேன்.
கறுப்புப் பெட்டி நாலு மடங்கு விலை,
எண் கிடையாது.
அடித்தட்டில் தூசி படிந்த ஒன்று,
ஓரம் நசுங்கியது, படம்கூட மங்கல்.
எறும்பு எழுத்தில், மடிப்புக்குள்,
இருந்தது என் ஆயிரத்து நானூற்றைம்பது.
பிரஷ் இரண்டு எடுத்தேன்.
இன்னொன்று யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.
என் வாயைப் பார்த்திருப்பார்.

ராத்திரி கரண்ட் இல்லை.
போன் வெளிச்சம் வாளியில் விழ
இரண்டு பேரும் குந்தினோம்.
இரண்டு நிமிஷம் எப்படிக் கணக்கிடுவது?
எனக்கு அது பதினாலு பொட்டலம்.
மனசுக்குள் மடித்தேன்: இலை, சுண்ணாம்பு, பாக்கு, மடிப்பு;
இலை, சுண்ணாம்பு, பாக்கு, மடிப்பு.
ஒன்பதாவதில் நிறுத்தப் பார்த்தாள்,
இன்னும் அஞ்சு கிராக்கி நிற்குது என்றேன்.

துப்பினாள். வெள்ளை.
துப்பினேன்.
அவள் வாளிக்குள் எட்டிப் பார்ப்பதற்குள்
தண்ணீர் ஊற்றிவிட்டேன்.

மெல்லுவதை விட்டேன் என்று எழுதினால் பொய்.
காலையில் இரண்டு, மத்தியானம் ஒன்று குறைந்திருக்கிறது,
அதுவும் நேற்று குறையவில்லை.
ஆனால் முக்காலிக்குப் பக்கத்தில்
உறிஞ்சுகுழல் இல்லை, தண்ணீர் பாட்டில்.
டீ உண்டு, சோற்றோடு, ஒரே மூச்சில்.

துப்புக்கெட்டவன் என்று
என் மைத்துனர் ஒருமுறை சொன்னார், கல்யாண வீட்டில்,
நாலு பேர் நடுவில்.
அவர் வந்தால் காட்ட வேண்டும்,
தகர டப்பாவில் தலைகீழாய்க் காயும்
இரண்டு பிரஷ்களை.